ஒகேனக்கல் படத்துக்கு 20,000 ரூபாய் கேட்டால் கொடுக்கலாமா? லிமிடெட் எடிஷன் தண்ணீர்ப் பிரிண்டுகள் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீர்ப் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஓட்டல் சுவரில், ரிசப்ஷன் ஹாலில், பேருந்து நிலைய விளம்பரத்தில் என்று எங்கும் ஒகேனக்கல் அருவி கொட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ஃப்ளெக்ஸிலோ வினைலிலோ அடித்தவை. அதே அருவியை ஒரு புகைப்படக் கலைஞர் பருத்திக் காகிதத்தில் 25 பிரதிகள் மட்டும் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு பிரதி 20,000 ரூபாய் என்கிறார். கொடுக்கலாமா?

இதற்கு விடை தேடி நான் அலைந்தது கொஞ்சமல்ல. பிரேம் போடுபவருக்குக் காகிதம் பற்றித் தெரியவில்லை. கேலரியில் வரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட், “படத்துக்கெல்லாம் பாலிசி போட முடியாதுங்க” என்று சொல்லி முடித்துவிட்டார், அது சரியான பதிலும் அல்ல. ஒவ்வொரு தகவலும் ஒவ்வொரு மூலையில் கிடந்தது. அதையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டிய வரிசையில் அடுக்கித் தருகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. படம் பிடித்திருக்கிறது என்றால் அதன் போஸ்டரே போதும். அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் பணம், “இத்தனைக்கு மேல் அச்சிட மாட்டேன்” என்று கலைஞர் தரும் வாக்குக்கு. அந்த வாக்கு எழுத்தில் இல்லை என்றால் நீங்கள் வாங்குவது விலை கூடிய போஸ்டர்.

1. முதலில் நேரில் பாருங்கள்

போன் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திரையில் பளபளக்கும் நுரை, பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் அடங்கித் தெரியும். திரையில் வெறும் கறுப்பாகத் தெரியும் மடு, நல்ல காகிதத்தில் அடிப்பாறை வரை காட்டும்.

நமக்குப் பெங்களூரு பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் இருக்கிறது. ‘மேப்’ என்றால் தெரியும். குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத். அவர்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்தும் சித்ர சந்தேயில் கலைஞர்களே தெருவில் கடை போட்டு விற்பார்கள். எச்சிங் (உலோகத் தகட்டில் கோடுகளை அரித்து எடுக்கும் அச்சு), மரச்செதுக்கு அச்சு செய்பவர்களிடம் நேரடியாகப் பேச அதைவிட நல்ல நாள் கிடையாது. சென்னை உங்களுக்கு வசதி என்றால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். முதல் முறை போகும்போது பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பார்த்துப் பழகுவதற்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்குவது வீண் அல்ல.

2. எந்த முறையில் அச்சானது என்று கேளுங்கள்

விற்பவர் ‘ஃபைன் ஆர்ட் பிரிண்ட்’ என்று பொதுவாகச் சொல்வார். அதோடு விட்டுவிடாதீர்கள். மூன்று வகை உண்டு.

ஒன்று, பிக்மென்ட் மையில், அதாவது நுண்ணிய நிறத்துகள் கலந்த மையில், இன்க்ஜெட் இயந்திரம் அச்சிடுவது. இன்று புகைப்படக் கலைஞர்கள் விற்பதில் பெரும்பாலானவை இதுதான். ‘ஜிக்லே’ என்றும் சொல்வார்கள். ‘ஆர்கைவல் பிக்மென்ட்’ என்று பில்லிலும் சான்றிதழிலும் எழுதியிருக்க வேண்டும். டை மை, அதாவது கரைந்த சாய மை, என்றால் வாங்க வேண்டாம். வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறிவிடும். காகிதத்தின் பெயர், எடை இரண்டையும் கேளுங்கள். ‘ஹானமூலெ போட்டோ ரேக் 308 ஜிஎஸ்எம்’ என்பது நூறு சதவீதப் பருத்திக் காகிதம். இப்படி முழுப் பெயராகச் சொல்ல முடியாதவர் சாதாரண போட்டோ பேப்பரில் அடித்திருக்கலாம்.

இரண்டாவது, இருட்டறையில் ரசாயனத்தில் கழுவி எடுத்த புகைப்படம். கறுப்பு வெள்ளை சில்வர் ஜெலட்டின் பிரிண்டை முறையாகக் கழுவியிருந்தால் பல தலைமுறை நிற்கும். பழைய கலர் பிரிண்டில் கவனம் தேவை. அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், தண்ணீர் செம்மை தட்டிப்போகும். தண்ணீர்ப் படத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

மூன்றாவது, கலைஞர் தன் கையால் தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ செய்து அச்சிட்டது: எச்சிங், லித்தோகிராஃப், மரச்செதுக்கு.

இவற்றுக்கு வெளியே இருப்பது ஆஃப்செட். அதாவது காலண்டர் அச்சடிக்கும் முறை. ஆஃப்செட்டில் 500 அடித்து எண் போட்டு ‘லிமிடெட் எடிஷன்’ என்று விற்பது நடக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை வைத்து வெளிர்நீலப் பகுதியைப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்காக, சின்னச் சின்னப் பூப்போல வட்டமிட்டு நின்றால் அது ஆஃப்செட். பிக்மென்ட் இன்க்ஜெட்டில் புள்ளிகள் தூவியதுபோல் ஒழுங்கில்லாமல் இருக்கும். சில்வர் ஜெலட்டினில் புள்ளியே தெரியாது. எச்சிங்கில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.

கையோடு ஒரு யுவி டார்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள், கள்ள நோட்டுப் பார்க்கப் பயன்படுவது. காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மைக்காகச் சேர்த்த ரசாயனம் அதிகம். நாளடைவில் அந்த வெண்மை போய் அருவியின் நுரை மஞ்சளாகும். லேசாக ஒளிர்வதற்காக ஒதுக்க வேண்டாம். சில நல்ல காகிதங்களிலும் கொஞ்சம் இருக்கும்.

3. எண்ணைப் படியுங்கள், எழுதாத எண்ணையும் கேளுங்கள்

7/25 என்றால் 25 பிரதிகளில் ஏழாவது. ஏ.பி. என்றால் ஆர்ட்டிஸ்ட் புரூஃப். கலைஞர் தனக்காக வைத்துக்கொள்ளும் பிரதி. அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது வழக்கம். 25 பிரதி எடிஷனுக்கு 15 ஏ.பி. என்று சொன்னால் அது 40 பிரதி எடிஷன் என்றே கணக்கு வையுங்கள்.

பெரிய பொறி அளவுகளில் இருக்கிறது. ‘10 பிரதி மட்டும்’ என்று சொல்லி விற்பது 40 x 60 அங்குலத்துக்கு மட்டும் பொருந்தும் வாக்காக இருக்கலாம். அதே படம் 24 x 36-இல் 25 பிரதி, 16 x 24-இல் 50 பிரதி என்று தனித்தனி எடிஷனாகப் போகும். மொத்தம் 85, ஏ.பி. தனி. எல்லா அளவுக்கும் சேர்த்து எத்தனை என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நாளைக்குப் புது அளவில் வெளியிட்டால் என்ன செய்வது? நியூயார்க்கில் இது வழக்காகவே போனது. வில்லியம் எகிள்ஸ்டன் என்ற புகைப்படக் கலைஞர் தன் பழைய படங்களைப் பெரிய டிஜிட்டல் பிரிண்டுகளாக மறுபடி அச்சிட்டு 2012-இல் ஏலத்தில் விற்றார். அந்தப் படங்களின் பழைய லிமிடெட் எடிஷன் பிரிண்டுகளை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013-இல் வழக்கு தள்ளுபடி ஆனது. புது அளவு, புது முறை என்றால் அது வேறு எடிஷன் என்ற நிலைதான் நின்றது. அதனால் “இந்தப் படத்தை எந்த அளவிலும், எந்த முறையிலும் இனிப் புது எடிஷனாக வெளியிட மாட்டேன்” என்ற ஒரு வரி உங்களுக்கு வேண்டும். தயங்கும் கலைஞர் மோசமானவர் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த வரி இல்லாத பிரிண்டுக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

முதல் எண்ணுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். இன்க்ஜெட் பிரிண்டில் 1/25-க்கும் 25/25-க்கும் தரத்தில் வித்தியாசம் கிடையாது. தகடு, மரக்கட்டை அச்சில் விஷயம் வேறு. அச்சிட அச்சிடத் தகடு தேயும். முந்தி எடுத்த பிரதி கூர்மையாக இருக்கும். ஜப்பானியக் கலைஞர் ஹொகுசாயின் புகழ்பெற்ற மரச்செதுக்கு அச்சான ‘பேரலை’க்கு எடிஷன் எண்ணே கிடையாது. ஆயிரக்கணக்கில் அச்சானது. ஆனாலும் கட்டை தேயும் முன் எடுத்த நல்ல பிரதி ஒன்று 2023 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 27.6 லட்சம் டாலருக்குப் போனது. அதன் நவீன மறுபதிப்புகளை ‘லிமிடெட்’ என்று யாராவது விற்றால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

4. தண்ணீரைச் சரிபாருங்கள்

இந்தப் பகுதி நம் மாவட்டத்துக்காரர்களுக்குத்தான் நன்றாக வரும். வெளியூர் கேலரிக்காரருக்கு ஒகேனக்கல் ஒரு அருவி. நமக்கு அது, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நாள்தோறும் அளந்து செய்தியில் சொல்லும் கன அடி. ஆடியில் கர்நாடக அணைகள் திறந்தால் செம்மண் நிறத்தில் பாறையை மூடி ஓடும். மாசி, பங்குனியில் நூல் நூலாகத் தெளிந்து இறங்கும். நீர்வரத்து அதிகமானால் பரிசல் ஓட்டத் தடை வரும்.

எனவே படம் எடுத்த தேதியைக் கேளுங்கள். அந்த நாளின் நீர்வரத்தைப் பழைய செய்தியில் பார்த்துவிடலாம். ஐந்தருவி தெரியாமல் வெள்ளம் போகும் படத்தில் சுற்றுலாப் பயணிகளோடு பரிசல் மிதந்தால், அது இரண்டு நாளில் எடுத்த இரண்டு படங்களின் ஒட்டு.

ஒட்டுவதே குற்றம் அல்ல. ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் ‘ரைன் 2’ ஒரு ஆற்றின் படம். கரையில் இருந்த கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் நீக்கித்தான் அதை உருவாக்கினார். அது எல்லாருக்கும் தெரியும். ஆறே பிரதிகள், அதில் ஒன்று 2011 நவம்பரில் 43 லட்சம் டாலருக்கு விற்றது. மறைத்தால்தான் பிரச்சினை. ‘டிஜிட்டல் முறையில் இணைக்கப்பட்டது’ என்று சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தேதிக்கு இன்னொரு பயனும் உண்டு. கிருஷ்ணகிரி அணையின் ஷட்டர் ஒன்று 2017 நவம்பரில் உடைந்தது. பிறகு புது ஷட்டர்கள் வந்தன. பழைய ஷட்டர்களோடு தண்ணீர் பாயும் படத்தை இனி யாரும் எடுக்க முடியாது. கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே தென்பெண்ணையில் மலைமலையாக நுரை பொங்கும் படமும் அப்படித்தான். பார்க்க மேகம்போல் இருக்கும், ஆனால் கழிவு. என்றாவது அந்த ஆறு சுத்தமாகும், ஆக வேண்டும். அன்றைக்கு அந்தப் படம் ஓர் ஆவணம். தேதியும் இடமும் எழுதாத பிரிண்டுக்கு இந்த மதிப்பு கிடைக்காது.

அச்சின் தரத்தையும் பாருங்கள். அருவியின் வெள்ளையில் கோடுகள் தெரிகிறதா, காகிதமே வெறுமையாகத் தெரிகிறதா? அமைதியான ஏரிப் பரப்பில் நிறம் படிப்படியாக மாறாமல் பட்டை பட்டையாக இருக்கிறதா? பளபளப்புக் காகிதமாக இருந்தால் சாய்த்துப் பிடித்து, இருண்ட தண்ணீர் செம்பு நிறமாக மின்னுகிறதா என்று பாருங்கள்.

5. ஆவணங்கள்: பணம் கொடுக்கும் முன்

பணம் போன பிறகு ஆவணம் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். “அனுப்புகிறோம்” என்று சொல்லி அனுப்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே உள்ளவற்றின் வரைவை முதலிலேயே மெயிலில் வாங்கிப் படியுங்கள்.

சான்றிதழ்: படத்தின் தலைப்பு, எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, அளவு, காகிதம், மை, எடிஷன் எண், ஏ.பி. எண்ணிக்கை. கலைஞரின் கையெழுத்து கட்டாயம். கேலரி மட்டும் கையெழுத்திட்ட சான்றிதழுக்கு மறுவிற்பனையில் மதிப்புக் குறையும். எடுத்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறாக இருந்தால் இரண்டும் தெரிய வேண்டும். ஹோலோகிராம் ஒட்டியிருந்தால் சான்றிதழில் உள்ள எண்ணும் பிரிண்டின் பின்புறம் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

எடிஷன் கடிதம்: மேலே மூன்றாவது படியில் சொன்ன மொத்தக் கணக்கும் ‘இனி வெளியிட மாட்டேன்’ என்ற வரியும். சேதமானால் அதே எண்ணில் மாற்றுப் பிரதி தருவாரா, பழையதை அவர் முன்னிலையில் அழிக்க வேண்டுமா என்பதையும் இதிலேயே எழுதச் சொல்லலாம்.

நிலைமைக் குறிப்பு: வாங்கும் நாளில் முன்புறம், பின்புறம், நான்கு மூலை, கையெழுத்து எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இருவரும் மெயிலில் உறுதிப்படுத்துவது. ஏற்கெனவே பிரேமில் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் வாங்காதீர்கள்.

பிறகு பில், வங்கிப் பரிவர்த்தனை ரசீது. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, ஸ்கேனும் எடுத்து வையுங்கள். சான்றிதழை மட்டும் பிரேமின் பின்னால் ஒட்டாதீர்கள். படத்துக்கு வரும் சேதம் சான்றிதழுக்கும் வரும்.

இன்னொன்று: பிரிண்ட் உங்களுடையது, காப்புரிமை கலைஞருடையது. கடை காலண்டரிலோ கல்யாணப் பத்திரிகையிலோ அந்தப் படத்தைப் போட அவரிடம் தனி அனுமதி வேண்டும்.

6. விலையை எடைபோடுவது

நான் முதலில் போடும் கணக்கு இதுதான்: ஒரு பிரதியின் விலையை மொத்தப் பிரதிகளால் பெருக்குங்கள். 25 பிரதி x 20,000 என்றால் 5 லட்சம். 500 பிரதி x 8,000 என்றால் 40 லட்சம். 8,000 ரூபாய் பிரிண்ட் மலிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஒரு படத்துக்கு உலகம் 40 லட்சம் கொடுக்கும் என்று விற்பவர் சொல்கிறார். அந்தப் பெயருக்கு 500 பேர் வருவார்களா? வரவில்லை என்றால் நீங்கள் விற்கப் போகும் நாளிலும் கலைஞரிடமே புதிதாக பிரிண்ட் கிடைக்கும். உங்களிடம் யார் வாங்குவார்கள்?

அடுத்து, ‘விலை ஏணி’. முதல் 5 பிரதி 20,000, அடுத்த 5 பிரதி 25,000 என்று ஏற்றிக்கொண்டே போவது வழக்கம், தவறும் அல்ல. ஆனால் “மூன்று மாதத்தில் விலை ஏறிவிட்டது” என்பதற்கு ஏறியது கலைஞர் கேட்கும் விலை என்று மட்டுமே அர்த்தம். யாரோ ஒருவர் தன் பிரதியை இன்னொருவருக்கு அந்த விலைக்கு விற்றிருந்தால்தான் அது சந்தை விலை. சாஃப்ரன்ஆர்ட், புந்தோலே, அஸ்டாகுரு போன்ற ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளை வெளியிடுகின்றன. அதே கலைஞர், அதே முறை, அதே அளவு, நெருங்கிய ஆண்டு என்று நான்கும் பொருந்தும் முடிவைத் தேடுங்கள். ஓவியத்துக்குக் கிடைத்த விலையைக் காட்டி பிரிண்டை விற்பவரிடம் ஜாக்கிரதை. ஏல முடிவில் வாங்குபவர் கட்டணமும் சேர்ந்திருக்கும். விற்றவர் கைக்குப் போனது அதைவிடக் குறைவு.

முடிவே கிடைக்காத கலைஞர் என்றால்? நம் பக்கத்து இளைஞர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அப்போது மறுவிற்பனையைக் கணக்கில் எடுக்காமல், சுவரில் இருபது வருடம் பார்க்க இந்தத் தொகை சரியா என்று மட்டும் பாருங்கள். எனக்கு அப்படி வாங்கியவைதான் அதிகம் பிடித்திருக்கின்றன. ஆத்திரத்துக்கு அடகு வைக்க இது நகை அல்ல. வங்கியும் எடுக்காது, அடகுக் கடையும் எடுக்காது. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வைத்த பணத்தில் பிரிண்ட் வாங்காதீர்கள்.

7. பில், வரி, பணம்

பில்லில் எச்எஸ்என் எண்ணை, அதாவது வரிக்காகப் பொருளின் வகையைக் குறிக்கும் எண்ணை, பாருங்கள். கலைஞர் கையால் செய்த தகட்டிலிருந்து எடுத்த எச்சிங், லித்தோகிராஃப் 9702-இல் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். இயந்திர முறை, புகைப்பட முறை அச்சுகளை அந்தத் தலைப்புக்கான விதிக்குறிப்பு வெளிப்படையாக விலக்குகிறது. இன்க்ஜெட் புகைப்படப் பிரிண்ட் 4911 பக்கம் போகும்; அங்கே வரி கூடுதல். “வரி 5 சதவீதம்தான்” என்று வாய்மொழியாகக் கேட்டு பட்ஜெட் போட்டால், பில் வரும்போது இடிக்கும். சொன்ன விலை வரியோடா, வரி இல்லாமலா என்பதை முதல் மெயிலிலேயே கேளுங்கள்.

ரொக்கம் வேண்டாம். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது விற்பவருக்குச் சட்டப்படி தடை. சிறிய தொகைக்கும் வங்கி வழியாகக் கொடுத்தால்தான் பின்னால் விற்கும்போது வாங்கிய விலையை நிரூபிக்க முடியும். பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வரும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்வதற்கான மின்னணுச் சீட்டு) போடச் சொல்லி விற்பவரிடமே கேளுங்கள்.

8. கொண்டுவருவதும் பிரேம் போடுவதும்

ஆர்டர் கொடுத்து அச்சிட்டுக் கையெழுத்தாகி வரச் சில வாரங்கள் ஆகும். கல்யாணம், கிரகப்பிரவேசத்துக்குப் பரிசு என்றால் அதற்கேற்ப முன்கூட்டியே சொல்லுங்கள். அச்சிட்டு ஒரு முழு நாளாவது ஆறவிடாமல் பிரேமுக்குள் வைத்தால் கண்ணாடியின் உட்புறம் மங்கல் படியும்.

உருளையில் சுற்றி வந்தால், உருளை குறைந்தது 10 செ.மீ. விட்டம் இருக்கட்டும். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

பிரேம்தான் அதிகம் பிரிண்டுகளைக் கெடுக்கும் இடம். நம் ஊர்க் கடைகள் சாமி படத்துக்குப் பழகியவை: கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்தி, பின்னால் ஹார்டுபோர்டு வைத்து, பசை டேப் ஒட்டி முடிப்பார்கள். ஹார்டுபோர்டின் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பிரிண்டைப் பிரிக்கவே முடியாது. அமிலமற்ற மவுண்ட் போர்டையும் யுவி தடுக்கும் அக்ரிலிக்கையும் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு, சட்டத்தை மட்டும் இங்கே செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபெவிகால், செலோடேப், லேமினேஷன் மூன்றும் பிரிண்டைத் தொடக் கூடாது. ஓரத்தை வெட்டவும் கூடாது. எண்ணும் கையெழுத்தும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நேர் வெயில் படாத சுவர், விளக்குப் புகையும் சாம்பிராணியும் படாத அறை. ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரில் மாட்ட வேண்டாம். மாட்டாத பிரிண்டைப் படுக்கைவாக்கில் வையுங்கள். ராமபாணப் பூச்சியும் கரையானும் வருகிறதா என்று மழைக்காலத்தில் எடுத்துப் பாருங்கள். அந்துருண்டையைப் பக்கத்தில் போடாதீர்கள், சிலிக்கா ஜெல் பை போதும்.

9. இன்சூரன்ஸ்

சாதாரண தீ விபத்துப் பாலிசியில், தனியாகக் குறிப்பிடாத கலைப்பொருளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. ‘பாரத் க்ருஹ ரக்ஷா’ வீட்டுப் பாலிசியில் விலையுயர்ந்த பொருட்களுக்கான விருப்பக் காப்பு உண்டு. கலைப்படைப்பும் அதில் வரும். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குத் தருவார்கள். மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு பொருள் 1 லட்சத்துக்குள் என்றால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்பதில்லை. ஏஜென்டிடம் பாலிசியின் பெயரையும் இந்தக் காப்பின் பெயரையும் சொல்லியே கேளுங்கள்.

அதற்கு மேல் போனால் மதிப்பீட்டாளர் தேவை. வருமான வரித் துறையில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களில் கலைப்பொருளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நகை மதிப்பீட்டாளரின் கடிதத்தை வைத்து ஏமாற வேண்டாம். கட்டணம் நிலையான தொகையாக இருக்கட்டும். மதிப்பில் சதவீதம் கேட்பவருக்கு மதிப்பை ஏற்றிக்காட்டக் காரணம் இருக்கிறது. இன்சூரன்ஸ் மதிப்பு என்பது அதேபோல் இன்னொன்று வாங்க ஆகும் செலவு. நீங்கள் விற்றால் கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

10. விற்பதாக இருந்தால்

கலைப்படைப்பு, வீட்டுச் சாமான் கணக்கில் வராது. லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதம், விலைவாசி உயர்வைக் கழிக்க முடியாது. அதற்கு முன் விற்றால் உங்கள் வருமானத்தோடு சேரும். முதலில் கலைஞருக்கோ வாங்கிய கேலரிக்கோ சொல்லுங்கள். எடிஷன் தீர்ந்திருந்தால் காத்திருப்போர் பட்டியல் அவர்களிடம் இருக்கலாம். ஏல நிறுவனத்துக்கு அனுப்பினால் கமிஷன், காப்பீடு, போட்டோ செலவு மூன்றும் உங்கள் தலையில் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ஏற்பது முதல் பணம் வருவது வரை சில மாதங்கள் ஆகும். அவர்கள் முதலில் கேட்பது ஐந்தாவது படியில் சொன்ன ஃபைலைத்தான். அது எந்த பீரோவில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.